41 கேள்விகள்

என் பீரோவில் ஒரு பழைய வழக்குக் கட்டு இருக்கிறது. ஒரு அமைச்சரைக் குறுக்கு விசாரணை செய்ய நான் எழுதிவைத்த 41 கேள்விகள் அதில் உண்டு. ஒன்றைக்கூடக் கேட்க வாய்க்கவில்லை.

என் கட்சிக்காரர் தென்மாவட்டத்தில் மாதமிருமுறை பத்திரிகை நடத்தியவர். கட்சிக்காரர் என்பது எங்கள் தொழில் வழக்கு. அண்ணாச்சிக்கு வேறு கட்சி கிடையாது. சாலை ஒப்பந்தம் பற்றிக் கேள்வி கேட்ட எதிர்க்கட்சியினரையும் நிருபர்களையும், அமைச்சர் ஒரு பொதுக்கூட்டத்தில் குரைக்கிற நாய்கள் என்றார். அண்ணாச்சி அந்தப் பேச்சை அப்படியே அச்சிட்டு, ‘அமைச்சர் ஏசினார்’ என்று தலைப்பிட்டார். பேசவில்லை என்று அமைச்சர் தரப்பு மறுக்கவே இல்லை. ‘ஏசினார்’ என்ற சொல்தான் அவதூறாம்.

சாதாரண மனிதர் அவதூறு வழக்குப் போட்டால் மாஜிஸ்திரேட் முன் சத்தியம் செய்து வாக்குமூலம் தர வேண்டும். தன் கைக்காசில் வக்கீல் வைக்க வேண்டும். அமைச்சருக்கு இந்த இரண்டும் இல்லை. அவருடைய அலுவல் சார்ந்த செயலைப் பற்றிய அவதூறு என்றால், அரசின் அனுமதியோடு அரசு வழக்கறிஞரே அமர்வு நீதிமன்றத்தில் நேரடியாகப் புகார் கொடுக்கலாம் என்றது குற்றவியல் நடைமுறைச் சட்டத்தின் 199ஆம் பிரிவு. பொது வேலையை விட்டுவிட்டு அவர்கள் கோர்ட்டுக்கு அலையக் கூடாது என்பது நியாயமான எண்ணம்தான். ஆனால் அந்தச் சலுகை ‘அலுவல்’ என்ற சொல்லில்தான் நிற்கிறது. ஆகவே என் முதல் கேள்வி இது: மேடையேறி மற்றவர்களை நாய் என்பது அமைச்சரின் எந்த அலுவல்?

இந்த ஒரு வாதத்தை வைத்தே உயர் நீதிமன்றத்தின் மதுரைக் கிளையில் வழக்கை ரத்து செய்யக் கேட்டிருக்கலாம். விசாரணையிலேயே அமைச்சரைக் கூண்டில் ஏற்றிப் பார்க்கலாம் என்ற ஆசையில் தள்ளிப்போட்டவன் நான். அந்த ஆசைக்கு விலை கொடுத்தவர் அண்ணாச்சி. நான்கு ஆண்டுகள், வாய்தாவுக்கு வாய்தா, விடியற்காலை பஸ் பிடித்து மாவட்டத் தலைநகருக்கு வருவார். பெயர் கூப்பிட்டதும் கைகட்டி நிற்பார். அடுத்த தேதி வாங்கித் திரும்புவார். வாய்தா நெருங்கும் வாரங்களில் பத்திரிகை தாமதமாகும். பிறகு மாதம் ஒன்றாகச் சுருங்கியது.

ஏசியவரை விட்டுவிட்டு, ஏச்சு என்று சொன்னவரைப் பிடிப்பது இங்கே புதிதல்ல. 2003 நவம்பர் 7 அன்று தமிழகச் சட்டப்பேரவை, ‘தி இந்து’ நாளிதழைச் சேர்ந்த ஐவருக்கும் ‘முரசொலி’ ஆசிரியருக்கும் 15 நாள் சிறைத் தண்டனை விதித்தது. முதலமைச்சர் ஜெயலலிதா அவையில் பேசிய தோரணையை வர்ணித்த சில சொற்களும், அதன்பின் வந்த ஒரு தலையங்கமும் உரிமை மீறல் என்றார்கள். அவமதிக்கப்பட்டதாகச் சொன்ன அவையே நீதிபதியாகவும் அமர்ந்தது. மூன்றே நாளில் உச்ச நீதிமன்றம் கைதுக்குத் தடை விதித்தது. பெரிய பத்திரிகைக்கு டில்லி எட்டும் தூரம். அண்ணாச்சிக்கு மதுரையே தூரம்.

சட்டத்தின் இன்னொரு ஓரத்தையும் சொல்ல வேண்டும். இத்தகைய வழக்கில் இரு தரப்பில் ஒருவர் விரும்பினாலே கதவைச் சாத்திக்கொண்டு விசாரிக்கலாம். ஏசியது ஒலிபெருக்கியில், விசாரணை மூடிய அறையில். குற்றச்சாட்டுக்கு நியாயமான காரணமே இல்லை என்று நீதிமன்றம் கண்டால் எதிரிக்கு இழப்பீடு தரச் சொல்லலாம். அதற்கு அன்றைய உச்சவரம்பு 1000 ரூபாய்.

ஆட்சி மாறியது. வழக்கைத் திரும்பப் பெற அரசு மனுப் போட்டது, நீதிபதி அனுமதித்தார், பத்து நிமிடத்தில் முடிந்தது. நான் கை குலுக்கினேன். அண்ணாச்சி கேட்டார்: “அப்ப நான் எழுதினது சரியா, தப்பா வக்கீல் சார்?” அதை நீதிமன்றம் சொல்லவில்லை; சொல்லும்படி நாங்கள் கேட்கவும் இல்லை.

பல ஆண்டுகள் கழித்து, 2020 மே மாதம், பத்திரிகையாளர்கள் மீதான இப்படிப்பட்ட பல வழக்குகளைச் சென்னை உயர் நீதிமன்றம் ரத்து செய்தது. அரசு வழக்கறிஞர் அரசு கொடுத்ததை வாங்கிக் கோர்ட்டில் சேர்க்கும் தபாலாபீஸ் அல்ல, சொந்தமாக யோசிக்க வேண்டியவர் என்ற கருத்தையும் சொன்னது. 2024இல் வந்த புதிய சட்டத்தில் பிரிவின் எண் 222 ஆகியிருக்கிறது. ஏற்பாடு அப்படியே இருக்கிறது.

வழக்கு முடிந்த மறு வருடம், புதிய ஆட்சியின் பிரமுகர் ஒருவர் அதே ஊர் மேடையில் தன்னை விமர்சித்தவர்களை இன்னும் கடுமையாகத் திட்டினார். அண்ணாச்சியின் பத்திரிகையை வாங்கிப் பார்த்தேன். தலைப்பில் ஒரே ஒரு எழுத்துதான் மாறியிருந்தது: ‘பேசினார்’.