பிடித்த கை விடும்போது

செயலில் வெளிப்படாத நம்பிக்கைக்கு உயிரில்லை என்று தூய யாக்கோபு தம் திருமுகத்தின் இரண்டாம் அதிகாரத்தில் கற்பிப்பதை அறியாத கத்தோலிக்கர் நம்மிடையே இல்லை எனலாம். ஆனால், 'எத்தகைய செயல்?' என்னும் வினாவை நாம் அத்துணை ஆழமாக எழுப்புவதில்லை. கிறிஸ்து பிறப்புக்கு வேட்டி சேலை வழங்குகிறோம். திருவிழாவில் அசனம் இடுகிறோம். கோவிலுக்குக் குழல்விளக்கு வாங்கித் தந்து, வெளிச்சத்தையே மறைக்குமளவுக்கு அதன்மேல் பெயரும் எழுதுகிறோம். கொடுப்பது நன்றே. ஆயினும், கொடுப்பவர் என்றென்றும் கொடுப்பவராகவும், பெறுபவர் என்றென்றும் பெறுபவராகவும் நீடித்தால், அந்த நற்செயல் பாதி வழியிலேயே நின்றுவிட்டது என்றே பொருள்.

மீதி வழியைக் காண நாம் நெடுந்தொலைவு செல்ல வேண்டியதில்லை. 1991-இல் நமது புதுக்கோட்டை மாவட்டத்தில் அறிவொளி இயக்கம் தொடங்கியபோது நாம் இளைஞராயிருந்தோம். அன்றைய மாவட்ட ஆட்சியர் ஷீலா ராணி சுங்கத் அதற்குப் பெரும் ஊக்கமளித்தார். ஊதியம் பெறாத தொண்டர்கள், வயலிலும் கல்குவாரியிலும் பகலெல்லாம் உழைத்துக் களைத்தவர்களுக்கு மாலை வேளைகளில் எழுத்தறிவித்தனர். எழுத்தோடு பெண்களுக்கு மிதிவண்டியும் பழக்கினர். ஏனெனில், தண்ணீருக்கும் சந்தைக்கும் வகுப்புக்கும் செல்வதற்குக்கூடப் பேருந்தையோ வீட்டு ஆண்மகனையோ எதிர்பார்த்திருப்பவருக்கு எழுத்து மட்டும் போதாது. கேலி பேசியோர் இருந்தனர். பெண்கள் அதைப் பொருட்படுத்தவில்லை. ஆண்கள் ஓட்டும் வண்டியையே பலர் விரும்பினர். அதன் குறுக்குக் கம்பியில் குழந்தையை உட்கார வைத்துக்கொள்ளலாம் அல்லவா! 70,000-க்கும் மேற்பட்ட பெண்கள் பொது இடங்களில் ஓட்டிக் காட்டியதைப் பத்திரிகையாளர் பி. சாய்நாத் தம் நூலில் பதிவு செய்துள்ளார்.

மிதிவண்டி பழக்குவதை உற்று நோக்கியவர் ஒன்றை அறிவர். பின்னால் ஒருவர் கேரியரைப் பிடித்தபடி மூச்சிரைக்க ஓடிவருவார். பிடிக்காவிட்டால் ஓட்டுபவர் விழுவார். விடாவிட்டால் ஒருநாளும் கற்கமாட்டார். ஆகவே, ஏதோ ஒரு நொடியில், ஓட்டுபவர் அறியாமலேயே கையை எடுத்துவிட வேண்டும். பழக்கியவரின் அன்பு நிறைவு பெறுவது அந்த நொடியில்தான். அதன்பின் ஓட்டுபவர் திரும்பிப் பார்ப்பதுகூட இல்லை.

ஆண்டவர் இயேசுவின் செயல்களும் இவ்வாறே அமைந்துள்ளன. எரிகோ வழியில் பார்த்திமேயுவிடம், தாம் என்ன செய்ய வேண்டுமென அவன் விரும்புகிறான் என்று முதலில் கேட்டார் (மாற்கு 10:51). பார்வையற்றவனுக்கு வேறென்ன வேண்டும் என்று தாமாகவே முடிவு செய்யவில்லை. பார்வை பெற்றவன் தன் கால்களாலேயே அவரைப் பின்சென்றான். நல்ல சமாரியரும் காயம்பட்டவரைச் சாவடியில் சேர்த்து, செலவுக்குப் பணம் தந்து, தம் வழியே போனார். அவருடைய பெயர்கூட நமக்குத் தெரியாது.

நாம் பணிபுரியும் பங்கில் கைம்பெண் ஒருவர், உதவித்தொகைக்கான மனு எழுத வேண்டிப் பங்கு இல்லத்துக்கு வருவதுண்டு. எழுதித் தருவது எளிது. 'சாமி இல்லாவிட்டால் யார் இருக்கிறார்?' என்னும் சொல்லும் காதுக்கு இனிது. அந்த இனிமையிலேதான் சோதனையும் இருக்கிறது. அன்பியத்தைச் சேர்ந்த இளம்பெண் ஒருத்தி சில வாரங்கள் அவரோடு அமர்ந்து எழுதப் பழக்கினாள். வட்டாட்சியர் அலுவலகத்துக்கும் உடன் சென்றாள். இன்று அந்த அம்மா தம் தெருவில் உள்ள மற்றவர்களை அழைத்துச் செல்கிறார். இப்போது பங்கு இல்லத்துக்கு வருவதில்லை. அவர் வராததில் நமக்கு ஒரு மகிழ்ச்சி!

'அப்படியானால் அவரவரே எழுந்து கொள்ளட்டும்' என்று கைகட்டி நிற்பது தகுமா? தகாது. 2018 நவம்பர் 16 அன்று கஜா புயல் வீசி, கீரமங்கலம், வடகாடு பகுதிகளில் தென்னைகளை வேரோடு சாய்த்தபோது முதலில் தேவைப்பட்டவை அரிசியும் குடிநீரும் கூரையுமே. அன்று பிடிக்காத கை, விடுவதைப் பற்றிப் பேச உரிமையற்றது. ஆனால் அரிசி ஒரு வாரத்தில் தீரும். தென்னங்கன்று காய்க்கவோ ஆண்டுகள் பல ஆகும். வாரக்கணக்கில் உதவுவோர் பலர். அவ்வுழவர் மீண்டும் தம் விளைச்சலில் நிற்கும்வரை உடனிருப்போர் சிலரே.

திருத்தந்தை பிரான்சிஸ் 2016-இல் அறிவித்த உலக வறியோர் நாள், 2017 முதல் பொதுக்காலத்தின் 33-ஆம் ஞாயிறன்று கொண்டாடப்படுகிறது. அந்நாளில் எத்தனை பேருக்குச் சேலை கொடுத்தோம் என்று கணக்கெடுக்கும் அன்பியங்கள், அதனோடு இன்னொரு கணக்கையும் எழுதி வைத்தால் என்ன? 'சென்ற ஆண்டு நம் கையைப் பிடித்திருந்தவர்களுள், இவ்வாண்டு நம் உதவியே வேண்டாமல் நடப்பவர் எத்தனை பேர்?' அந்த எண் சிறிதாகவே இருக்கலாம். ஆயினும், நம் நம்பிக்கைக்கு உயிர் உண்டா என்பதை அதுவே சொல்லும்.