முயலுக்குத் தும்மல் வந்தால்

முயல் தும்மி நீங்கள் கேட்டிருக்கிறீர்களா? 'ப்ஸ்க்' என்று தீக்குச்சி உரசின மாதிரி சின்னச் சத்தம். ஒன்றிரண்டு என்றால் விட்டுவிடலாம். மூக்கில் தூசி போனால் யாருக்கும் வருவதுதான். நாள் பூரா தும்மினால்தான் யோசிக்க வேண்டும். ஏனென்றால் முயல் மூக்கால் மட்டுமே மூச்சு விடுகிற பிராணி. நமக்கு ஜலதோஷம் பிடித்தால் ராத்திரி வாயைத் திறந்துகொண்டு தூங்கிச் சமாளித்துவிடுவோம். அதற்கு அந்த வசதி இல்லை. வாய் திறந்து மூச்சு வாங்குகிற முயலை அந்த நிமிஷமே டாக்டரிடம் தூக்கிப்போக வேண்டும்.

தருமபுரியிலிருந்து பென்னாகரம் போகிற வழியில், இண்டூரில் என் தங்கை வீடு. அவள் மகள் ஒரு ஜோடி வெள்ளை முயல் வளர்க்கிறாள். தை மாதம் நான் போயிருந்தபோது அதில் ஒன்று விடாமல் தும்மிக்கொண்டிருந்தது. "பனியில வெளிய வெச்சா சளி புடிக்காதா?" என்றார் வீட்டுப் பெரியம்மா. தங்கை கணவர் ஃப்ரிட்ஜைத் திறந்து, பெண்ணுக்கு எப்போதோ வாங்கி மிச்சமிருந்த அமாக்சிஸிலின் சிரப்பை எடுத்துவிட்டார். "நாலு சொட்டுதானே மச்சான், என்ன ஆயிடப் போவுது?"

நாமக்கல் கால்நடைக் கல்லூரியில் படித்த நண்பர் ஒருவர் எனக்கு உண்டு. போன் போட்டேன். சிரப் என்ற வார்த்தையைக் கேட்டதும் "மொதல்ல அந்த பாட்டிலைக் கீழ வெக்கச் சொல்லுங்க" என்றார். முயலின் குடலில் வாழும் நல்ல பாக்டீரியாக்கள்தான் புல்லைச் செரிக்க வைக்கின்றன. பென்சிலின் வகை மருந்தை வாய்வழியாகக் கொடுத்தால் அவை செத்து, கெட்ட கிருமிகள் பெருகி, வயிற்றுப்போக்கு கண்டு, தும்மலோடு இருந்த முயல் உயிரையே விட்டுவிடும். குழந்தைக்கு நல்லது செய்த மருந்து!

அப்புறம் வரிசையாகக் கேள்விகள். மூக்கில் ஒழுகுவது தண்ணியாகவா, வெள்ளையாகக் கெட்டியாகவா? முன்னங்கால்களின் உள்பக்கம் ரோமம் ஒட்டிச் சடையாக இருக்கிறதா? (முயலுக்குக் கர்ச்சீப் அதுதான். மூக்கைத் துடைத்துத் துடைத்து ஒட்டிப்போகும்.) சாப்பிடுகிறதா? தண்ணிதான், கால் சுத்தம், தீனியும் குறையவில்லை. "அப்ப என்ன போடறீங்கன்னு பாருங்க."

போட்டது கடலைக்கொடி. வேரோடு பிடுங்குகிற செடி, மண்ணும் கூடவே வரும். போதாக்குறைக்கு அந்தப் போர் ஐப்பசி மழையில் நனைந்து பூஞ்சணம் பிடித்திருந்தது. ஒரு கை எடுத்து உதறினேன். புகை மாதிரி கிளம்பியது. முயலுக்கு முன்னால் மச்சான் தும்மினார், எண்ணி ஒன்பது.

இதையெல்லாம் சுலபமாக 'அலர்ஜி' என்று சொல்லிவிடுகிறோம். முயலுக்கு அலர்ஜி என்று நிரூபிப்பது லேசில்லை. பெரும்பாலும் தூசியும் பூஞ்சணமும், கூண்டில் தேங்கிய மூத்திரத்தின் அம்மோனியா நெடியும் மூக்கை அரிப்பதுதான். மனுஷன் கதை வேறு. 1819-ல் ஜான் பாஸ்டாக் என்ற லண்டன் டாக்டர் தன் கோடைக்காலத் தும்மலைப் பற்றி எழுதியபோது, ஊரார் புது வைக்கோல் வாசனைதான் காரணம் என்று நம்பினார்கள். மகரந்தம்தான் என்று சார்லஸ் பிளாக்லி தன் மூக்கிலேயே சோதித்து எழுதியது 1873-ல். இன்றைக்கும் முயல் வாங்கி இரண்டே வாரத்தில் 'முயல் ஒத்துக்கலை' என்று திருப்பிக் கொடுக்கிறவர்களில் சிலருக்கு ஒத்துக்கொள்ளாதது முயல் இல்லை, அதன் புல்.

"அப்ப வைக்கோலே போடாம விட்டா தும்மாதில்ல மாமா?" என்றாள் மருமகள். நல்ல கேள்வி. ஆனால் முயலின் பல் ஆயுசுக்கும் வளர்ந்துகொண்டே இருக்கும். நார்த்தீனியை மென்று தேய்க்காவிட்டால் கோணிக்கொண்டு வாயைக் குத்தும். நார் இல்லாவிட்டால் குடலும் நின்றுவிடும். அதனால் கடலைக்கொடிக்குப் பதில் மழை படாத ராகித் தாள். அதையும் கூண்டுக்கு எட்ட வெளியில் உதறி, லேசாகத் தண்ணீர் தெளித்து. கூடவே மருந்தடிக்காத இடத்து அருகம்புல். அடியில் விரித்த சாக்கு தினமும் மாற்றம். பக்கத்தில் கொசுவர்த்தி கிடையாது. ஐந்தாம் நாள் தும்மல் நின்றுவிட்டதாகத் தங்கை போன் செய்தாள்.

உங்கள் வீட்டில் நிற்காவிட்டால், அல்லது மூக்கில் வெள்ளையாக ஒழுகினால், அது பாஸ்டுரெல்லா என்ற கிருமியாக இருக்கலாம். மேல்பல் வேரில் கோளாறாகவும் இருக்கலாம். அரை நாள் தீனி தொடவில்லை என்றால் விடியட்டும் என்று காத்திருக்காதீர்கள். டாக்டரிடம் போகும்போது முயலோடு ஒரு பிடி புல்லையும் பையில் போட்டு எடுத்துப்போங்கள். அவரும் ஒருதரம் உதறிப் பார்க்கட்டும்.