கண்ணாடிக் கூண்டு

என் மேஜை மேல் பல வருஷங்களாக ஒரு பழைய புத்தகம் கிடக்கிறது. திருவல்லிக்கேணி நடைபாதையில் பேரம் பேசி வாங்கியது. ஒரு புத்தகத்தை எப்படிப் படிக்க வேண்டும் என்று சொல்லித் தருகிற புத்தகம். இரண்டு வருஷத்துக்கு மேல் கல்லூரிப் படியை மிதிக்காத எனக்குப் பேராசிரியர்கள் என்றால் பயம் கலந்த பக்தி உண்டு, அதனால்தான் வாங்கினேன். அட்டையில் இரண்டு பெயர்கள்: மார்ட்டிமர் ஆட்லர், சார்லஸ் வான் டோரன். இரண்டாவது ஆசாமி ஒரு காலத்தில் அமெரிக்க தேசத்தையே ஏமாற்றிய டெலிவிஷன் நடிகர் என்பது எனக்கு வெகுநாள் கழித்துத்தான் தெரிந்தது.

நடிகர் என்று நான் சொல்வதை அவரே ஒப்புக்கொண்டிருப்பாரோ என்னவோ! உத்தியோகத்தில் அவர் நியூயார்க் கொலம்பியா பல்கலைக்கழகத்தில் ஆங்கில ஆசிரியர். தகப்பனார் மார்க் வான் டோரனும் அங்கேயே பேராசிரியர். கவிதைக்காக 1940ல் புலிட்சர் பரிசு பெற்றவர். பெரியப்பா கார்ல் அதே பரிசை 1939லேயே வாங்கிவிட்டார். தாயாரும் எழுத்தாளர். வீட்டில் எந்தப் பக்கம் திரும்பினாலும் புத்தகம் என்று வளர்ந்த பிள்ளை.

1956ல் 'ட்வென்ட்டி ஒன்' என்று ஒரு டெலிவிஷன் போட்டி நடந்துகொண்டிருந்தது. இரண்டு கண்ணாடிக் கூண்டுகள்; கூண்டுக்கு ஒரு ஆள். கேள்விகளுக்கு ஒன்று முதல் பதினொன்று வரை மதிப்பு. முதலில் இருபத்தொன்றை எட்டுகிறவருக்கு வெற்றி. அப்போது ஜெயித்துக்கொண்டிருந்தவர் ஹெர்பர்ட் ஸ்டெம்பெல் என்ற மாணவர். ராணுவத்தில் இருந்துவிட்டுப் படிக்க வந்தவர். உண்மையாகவே விஷயம் தெரிந்தவர். அவருக்கும் கேள்விகளை முன்கூட்டியே கொடுத்துத்தான் வைத்திருந்தார்கள். பொருந்தாத கோட்டையும் ஒட்ட வெட்டிய கிராப்பையும் கொடுத்து, ஏழை மாணவன் வேஷம் கட்டியிருந்தார்கள். அந்த வேஷம் ஜனங்களுக்குச் சலித்துப்போயிற்று. அடுத்த வேஷத்துக்கு, பார்வையாகவும் பண்பாகவும் இருந்த வான் டோரன் கிடைத்தார்.

ஆல்பர்ட் ஃப்ரீட்மன் என்ற தயாரிப்பாளர் அவரிடம் தனியாகப் பேசினார். இதெல்லாம் வெறும் கேளிக்கை, எங்கும் நடப்பதுதான் என்றார். நேர்மையாகவே ஆடிப் பார்க்கிறேனே என்று வான் டோரன் கேட்டதற்கு, அது நடக்காது என்று சொல்லிவிட்டார். கடைசியாக ஒரு வார்த்தை சொன்னார். நீங்கள் ஜெயித்தால் நாட்டில் ஆசிரியர்களுக்கே மதிப்பு உயரும் என்றார். அங்கேதான் மனிதர் விழுந்தார். வெறும் பணத்தைக் காட்டியிருந்தால் ஒருவேளை எழுந்து போயிருப்பார் என்பது என் அபிப்பிராயம்.

விடைகளோடு அபிநயமும் சொல்லிக் கொடுத்தார்கள். உடனே பதில் சொல்லக்கூடாது, தயங்க வேண்டும், நடுவில் ஒரு பகுதியை விட்டுவிட்டு, பிறகு ஞாபகம் வந்தாற்போல் அதற்குத் திரும்ப வேண்டும்.

இதைப் படித்தபோது எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. ஒன்பதாம் வகுப்பில் நான் ஒரு பொது அறிவுப் போட்டிக்குப் போனேன். முதல் நாள் இரவு எங்கள் வாத்தியார் வீட்டுக்குக் கூப்பிட்டுப் பத்துக் கேள்விகளைக் கொடுத்தார். "டக்குனு சொல்லிடாதேடா. கொஞ்சம் யோசிக்கிற மாதிரி மேலே பாரு" என்றார். பார்த்தேன். கைதட்டல் நான் பதில் சொன்னதற்கா, மேலே பார்த்ததற்கா என்று இன்றுவரை எனக்குச் சந்தேகம். பரிசு ஒரு எவர்சில்வர் கூஜா. அம்மா அதில் தண்ணீர்கூட ஊற்றாமல், வருகிறவர்களுக்கெல்லாம் எடுத்துக் காட்டிக்கொண்டிருந்தாள்.

வான் டோரனுக்குக் கிடைத்தது கூஜா அல்ல, 1,29,000 டாலர். 1956 டிசம்பர் 5ம் தேதி ஸ்டெம்பெல் தோற்றார். 1955ன் சிறந்த படம் என்று ஆஸ்கார் வாங்கியது எது என்பது கேள்வி. விடை 'மார்ட்டி'. அது அவருக்கு மிகவும் பிடித்த படம். வேறு பெயரைச் சொல்லும்படி உத்தரவு, சொன்னார். வான் டோரன் சில மாதங்களில் 'டைம்' பத்திரிகையின் அட்டையில் வந்தார். 1957 மார்ச்சில் தோற்று வெளியே வந்ததும் டெலிவிஷன் கம்பெனி வருஷத்துக்கு 50,000 டாலர் சம்பளத்தில் வேலை கொடுத்தது. குவிந்த ரசிகர் கடிதங்களுக்குப் பதில் எழுத அமர்த்திய ஜெரால்டின் என்ற பெண்ணையே கல்யாணமும் செய்துகொண்டார். அந்தப் பணத்தில் நிலைத்த லாபம் இது ஒன்றுதான்.

ஸ்டெம்பெல் சும்மா இருக்கவில்லை. விசாரணை வந்தது. வான் டோரன் முதலில் மறுத்தார், ஜூரிகள் முன்னிலையிலும் பொய் சொன்னார். 1959 நவம்பர் 2ம் தேதி வாஷிங்டனில் காங்கிரஸ் கமிட்டியின் முன் எல்லாவற்றையும் ஒப்புக்கொண்டார். அங்கத்தினர்கள் பலர் அவரைப் பாராட்டினார்கள்! டெரூனியன் என்ற ஒருவர் மட்டும், உங்களைப் போன்ற அறிவாளி உண்மை சொன்னதற்குப் பாராட்டு எதற்கு என்று கேட்டார். கொலம்பியா வேலை போயிற்று. டெலிவிஷன் வேலையும் போயிற்று. 1962ல் பொய்ச் சாட்சிக் குற்றத்தை ஒப்புக்கொண்டார். தண்டனையை நிறுத்தி வைத்தார்கள்.

பிறகு கலைக்களஞ்சியமான பிரிட்டானிகாவில் சேர்ந்து 1982 வரை உழைத்தார். என் மேஜை மேல் உள்ள புத்தகத்தை 1972ல் ஆட்லரோடு சேர்ந்து திருத்தி எழுதியது அந்தக் காலத்தில்தான். அவர் கதையை 'க்விஸ் ஷோ' என்று சினிமா எடுக்க வந்தவர்கள், ஆலோசனை சொல்ல ஒரு லட்சம் டாலர் தருவதாகச் சொன்னார்கள். ஜெரால்டின் வேண்டாம் என்றாள். அவருக்குச் சபலம் இருந்தது, இருந்தும் மறுத்துவிட்டார். படம் 1994ல் வந்தது. 2008ல்தான் 'நியூயார்க்கர்' பத்திரிகையில் தம் வாயால் கதையைச் சொன்னார்.

முதுமையில் கனெக்டிகட் மாநிலத்தில் டாரிங்டன் என்ற சிற்றூரில், அங்கிருந்த பல்கலைக்கழகக் கிளையில் ஆங்கிலம் சொல்லிக் கொடுத்தார். அந்த வகுப்பை நான் அடிக்கடி கற்பனை செய்து பார்ப்பதுண்டு. ஒரு பையன் எழுந்து ஏதோ கேட்கிறான். கிழவர் உடனே பதில் சொல்லாமல் ஒரு கணம் மேலே பார்க்கிறார்.

2019 ஏப்ரல் 9ம் தேதி காலமானார். அடுத்த ஏப்ரலில் ஸ்டெம்பெலும் போய்விட்டார். இருவருக்கும் வயது 93.

கூஜா என் தமக்கை வீட்டில் இருக்கிறது. போன தீபாவளிக்குப் போனபோது அவளிடம் விஷயத்தைச் சொன்னேன். "அம்மாவுக்கு அப்பவே தெரியும்டா" என்று சொல்லிவிட்டுக் காப்பி கலக்கப் போய்விட்டாள்.