நாடுகாண் பயணமும் நாடற்றவரும்

வரலாற்றுப் பாடநூல்களில் ‘நாடுகாண் பயணங்கள்’ என்றோர் அத்தியாயம் உண்டு. பார்த்தலோமியோ டயஸ் 1488 இல் ஆபிரிக்காவின் தென்முனையைச் சுற்றியதும், கொலம்பஸ் 1492 இல் மேற்றிசை நோக்கிப் பாய் விரித்ததும், வாஸ்கோ ட காமா 1498 இல் கள்ளிக்கோட்டையை அடைந்ததும் அவ்வத்தியாயத்தின் தலையாய செய்திகள். ஹற்றனை அடுத்த தோட்டப் பாடசாலையொன்றிற் பயின்ற நாங்களும் அவ்வாண்டுகளை மனனம் செய்தோம். கடலையே கண்டறியாத பிள்ளைகள் கடலோடிகளின் பெயர்களை வரிசை பிறழாது ஒப்புவித்தோம். அவ்வத்தியாயத்திற்கும் எங்கள் லயத்திற்கும் தொடர்புண்டு என்று அன்று எமக்கு எவரும் கூறவில்லை. ஆயின், அத்தொடர்பு மிக நெருங்கியது என்பதே என் துணிபு.

ஐரோப்பியரைக் கடலுக்குள் இறக்கியவை எவை? மிளகும் கறுவாவும் கராம்பும் அராபிய, வெனிசிய வணிகரின் கைகளைக் கடந்தே மேற்குலகை அடைந்தன. ஒவ்வொரு கையிலும் விலை ஏறிற்று. 1453 இல் கொன்ஸ்தாந்திநோபிள் துருக்கியர் வசமானபின், இடையிலுள்ளோரைத் தவிர்த்துக் கீழைத்தேயத்தை நேரே அடையும் வேட்கை மிகுந்தது. மதம் பரப்பும் ஆர்வமும் பொன்னாசையும் உடன்சேர்ந்தன. 1494 இல் போர்த்துக்கலும் ஸ்பெயினும் தோர்தெசில்லாஸ் உடன்படிக்கை செய்து, தாம் இன்னும் காணாத நாடுகளையும் தமக்குள் பங்கிட்டுக்கொண்டன. காணுமுன்பே உரிமை கொண்டாடிய பயணங்களை ‘நாடுகாண்’ பயணங்கள் என்பது எத்துணைப் பொருந்தும் என்பது சிந்திக்கத்தக்கது.

1505 இல் லொரென்சோ த அல்மேதாவின் கப்பல்கள் இலங்கைக் கரையை அடைந்தன. கரையோரம் படிப்படியாகப் போர்த்துக்கேயர் வசமாயிற்று. 1658 இல் அவர்களை முற்றாக வெளியேற்றிய ஒல்லாந்தர் அதனைக் கைக்கொண்டனர். 1796 இல் ஆங்கிலேயர் அவர்தம் இடத்தைப் பிடித்தனர். எனினும் மலைநாடு எளிதில் வசப்படவில்லை. பேராதனைக்கு அயலிலுள்ள கன்னொருவையில் 1638 இல் இரண்டாம் இராசசிங்கனின் படை போர்த்துக்கேயரை அழித்தது. 1803 இல் கண்டிக்கு ஏறிய ஆங்கிலப் படையும் அழிவையே கண்டது. 1815 இலேதான் கண்டி இராச்சியம் வீழ்ந்தது. ஆகவே, கரையில் இறங்கிய கடலாதிக்கம் மலையுச்சியை எட்ட 310 ஆண்டுகள் சென்றன.

படை ஏறுமுன்னரே பண்டங்களும் சொற்களும் மலை ஏறிவிட்டன. மிளகைத் தேடிச் சென்ற கொலம்பஸ் அமெரிக்கக் கரையில் கண்டது வேறொரு காய். அது போர்த்துக்கேயர் வழியாக நம்மிடம் வந்தபோது, நம்மவர் பழைய மிளகின் பெயராலேயே அதனை ‘மிளகாய்’ என்றனர். கொழுந்து பறிப்போர் மலையில் அமர்ந்து ரொட்டியுடன் உண்ணும் சம்பலின் உறைப்பு அப்பயணங்களின் விளைவே. லயத்து அறையை நாங்கள் ‘காம்பரா’ என்போம். அது போர்த்துக்கேயச் சொல். ‘லயம்’ ஆங்கிலேயர் தந்தது. தேயிலையின் ‘தே’ தானும் கடல்வழிப் பெயரே. சீனத்தின் பூக்கியன் கரையோரம் ‘தே’ என வழங்கியதை ஒல்லாந்த வணிகர் உலகெங்கும் பரப்பினர்; மக்காவோவில் நிலைகொண்ட போர்த்துக்கேயரோ ‘சா’ என்றே வழங்கினர். பத்தடிக்குப் பத்தடி அறையொன்றில் ஒரு தேநீர்க் கோப்பையைச் சுற்றி மூன்று பேரரசுகளின் மொழிகள் கூடியிருக்கின்றன.

மலை வசமானதும் பாதைகள் வெட்டப்பட்டன. 1820களில் கம்பளைப் பகுதியில் கோப்பித் தோட்டம் தோன்றிற்று. 1840 ஆம் ஆண்டின் முடிக்குரிய காணிச் சட்டம், உரிமைப் பத்திரம் காட்ட இயலாத காடுகளையும் சேனைகளையும் அரசுடைமையாக்கித் தோட்டத் துரைமாருக்கு விற்க வழிசெய்தது. அவ்விழப்பு கண்டிச் சிங்களக் குடியானவருடையது. அதனை மலையகத் தமிழர் மறத்தலாகாது. 1869 இல் இலைத்துரு நோய் கோப்பியைத் தாக்கிற்று. அதற்கு ஈராண்டுகள் முன்னரே, 1867 இல், லூல்கந்துரவில் ஜேம்ஸ் டெயிலர் தேயிலையைத் தோட்டப் பயிராக நட்டிருந்தார். 1884 இல் புகைவண்டி ஹற்றனை அடைந்தது. ஸ்கொத்லாந்துப் பெயர்கள் மலைகள்தோறும் சூட்டப்பட்டன.

செடி வந்தது, முதல் வந்தது, பாதை வந்தது. கைகள் எங்கிருந்து வந்தன? பிரித்தானியக் குடியேற்ற நாடுகளில் அடிமை முறை 1834 இல் ஒழியத் தொடங்கியதும், கரும்புத் தோட்ட முதலாளிகள் இந்தியக் கூலிகளை மொரீசியசுக்கு ஏற்றினர். இலங்கைக்கு வந்தோர் ஒப்பந்தத்தாற் கட்டுண்டவரல்லர். கங்காணி தந்த முற்பணக் கடனாற் கட்டுண்டவர். கடன் கணக்கைத் தாங்கிய ‘துண்டு’ இன்றித் தோட்டம் மாறுதல் 1921 வரை இயலாதிருந்தது. தொண்டி முதலிய கரைகளிலிருந்து தோணியேறி, மன்னார்க் கரையில் இறங்கி, மாத்தளைவரை காடு வழியே நடந்தோருள் கொள்ளைநோயாலும் பசியாலும் பாதையோரத்தில் மாண்டோர் பலர். 1914 இல் தலைமன்னாருக்கும் தனுஷ்கோடிக்கும் இடையே கப்பற் சேவை தொடங்கிற்று.

என் அப்பாயி அக்கப்பலில் வந்தவர். மண்டபம் முகாமில் அடைக்கப்பட்டு, மருந்து தெளிக்கப்பட்டு, ஏழு வயதிற் கடல் கடந்தார். கடல் எப்படியிருந்தது என்று ஒருமுறை வினவினேன். “கடலையா பாத்தேன்? ஆத்தா முந்தானையத்தான் பாத்தேன்” என்றார். வாஸ்கோ ட காமாவின் பயணத்தில் நாட்குறிப்பு எழுதுவோன் ஒருவன் இருந்தான். என் அப்பாயியின் பயணத்திற்கு அந்த ஒரு வாக்கியமே நாட்குறிப்பு.

1948 ஆம் ஆண்டின் பிரசாவுரிமைச் சட்டம் எம்மவரில் மிகப் பெரும்பாலானோரை நாடற்றவராக்கிற்று. 1964 இல் இரு நாட்டுப் பிரதமர்களும் செய்த ஒப்பந்தம் 9,75,000 பேரைக் கணக்கிட்டு, 5,25,000 பேரை இந்தியாவும் 3,00,000 பேரை இலங்கையும் ஏற்கும் என்றது. எஞ்சிய 1,50,000 பேரின் விதி 1974 இல் சரிபாதியாகப் பகுக்கப்பட்டது. தோர்தெசில்லாசில் நிலத்தைப் பகுத்தனர். இங்கே மனிதரையே பகுத்தனர். அப்பாயியின் அண்ணன் அக்கணக்கின் ஒரு பக்கத்திலும் அப்பாயி மறுபக்கத்திலும் விழுந்தனர். அவர் நீலகிரிக்குச் சென்று அங்கும் தேயிலையே பறித்தார். இருவரும் பின்னர் ஒருவரையொருவர் காணவில்லை. 1984 இல் அக்கப்பற் சேவையும் நின்றது. ஐரோப்பாவிலிருந்து ஆபிரிக்காவைச் சுற்றி வர வழி கண்ட உலகில், 20 மைலுக்குச் சற்று மேற்பட்ட நீர்ப்பரப்பை அண்ணனும் தங்கையும் கடக்க இயலாது போயிற்று.

2003 ஆம் ஆண்டின் சட்டம் எஞ்சியிருந்த நாடற்றோர்க்கும் பிரசாவுரிமை வழங்கிற்று. எனினும், குடும்பங்கள் பல இன்றும் தமக்குரிய காணி உறுதியின்றி லயங்களிலேயே வாழ்கின்றன. 2023 இல், வருகையின் 200 ஆவது ஆண்டை நினைந்து, தலைமன்னாரிலிருந்து மாத்தளை வரை மக்கள் நடந்தனர். முன்னோர் பெயரற்று நடந்த பாதையிற் பேரர் தம் உரிமையைக் கூறி நடந்தமை ஒரு வரலாற்றுத் திருத்தம் எனலாம்.

அத்திருத்தம் நூல்களிலும் இடம்பெறல் வேண்டும். மாலுமிகளின் ஆவணங்கள் லிஸ்பனிலும் ஹேக்கிலும் இலண்டனிலும் பேணப்படுகின்றன. எம்மவர் ஆவணங்களோ லயத்துத் தகரப் பெட்டிகளில், செல்லரித்த விண்ணப்பப் பிரதிகளாகவும் பிறப்புச் சீட்டுகளாகவும் கிடக்கின்றன. மலைநாட்டு மக்கள் பாடல்களைச் சி. வி. வேலுப்பிள்ளை தொகுத்து வைத்திராவிடில் அவற்றுட் பல அழிந்தொழிந்திருக்கும். விடுமுறைக்கு மலைக்குத் திரும்பும் மாணவர் ஒவ்வொருவரும் தம் லயத்தில் மூத்தவர் ஒருவரிடம் அமர்ந்து, எந்த ஊர், எந்தத் துறை, எந்தக் கங்காணி என்ற மூன்று வினாக்களுக்கேனும் விடை எழுதிக்கொள்ளட்டும். விடையளிக்க வல்லோர் ஆண்டுதோறும் குறைந்து வருகின்றனர்.