40,000 ரூபாய்க்கு ஒரு பெட்டி

2024 ஜூன் மாசம் அம்மாவுக்குச் சீட்டுப் பணம் வந்தது. 40,000 ரூபாய். அதில் எனக்கு லேப்டாப் வாங்குவது என்று ரெண்டு வருஷத்துக்கு முன்னாடியே வீட்டில் முடிவாகியிருந்தது. "ப்ராஜெக்ட்டுக்கு வேணும், ப்ளேஸ்மென்ட்டுக்கு வேணும்" என்று நச்சரித்து அந்தச் சீட்டில் சேர வைத்ததே நான்தான். சொன்னது பொய் இல்லை. ஆனால் முழுசாவும் சொல்லவில்லை. எட்டாவது படிக்கும்போது பம்மலில் ஒரு ப்ரவுசிங் சென்டரில் உட்கார்ந்து ஜிடிஏ வைஸ் சிட்டி ஆடிய நாளிலிருந்து எனக்கு வேண்டியது லேப்டாப் இல்லை, கேமிங் பிசி.

வீட்டில் இப்படித்தான் விற்றேன்: "40,000 ரூபா லேப்டாப்ல கிராஃபிக்ஸ் கார்டே இருக்காதும்மா. நாலு வருஷம் கழிச்சுத் தூக்கிப் போடணும். டெஸ்க்டாப்னா ஒவ்வொண்ணா மாத்திக்கலாம்." அம்மா ஒரே கேள்விதான் கேட்டார். "காலேஜுக்கு எப்படிடா தூக்கிட்டுப் போவ?" காலேஜில் லேப் இருக்கிறது என்று சமாளித்தேன். கேம் என்ற வார்த்தை என் வாயில் வரவே இல்லை.

அதுக்கப்புறம் ரெண்டு வாரம் எக்செல் ஷீட்தான் வாழ்க்கை. செமஸ்டர் எக்ஸாமுக்குக்கூட அப்படி உட்கார்ந்ததில்லை. ப்ராசசர், மதர்போர்டு, ரேம், எஸ்எஸ்டி, எஸ்எம்பிஎஸ், கேபினெட், மானிட்டர் என்று ஏழு வரிசை. புதுசா ஒரு ஆர்எக்ஸ் 6600 கார்டு போட்டால் அதுவே 20,000 பக்கம் நிற்கும். மிச்சம் 20,000-ல் மத்த எல்லாம், மானிட்டரும் சேர்த்து. எந்தப் பக்கம் இழுத்தாலும் வேறொரு பக்கம் தெரிந்தது, சின்னப் போர்வை மாதிரி. கார்டை வைத்தால் எஸ்எம்பிஎஸ் மட்டமானதாகிவிடும். எஸ்எம்பிஎஸ் நல்லதா வைத்தால் மானிட்டர் போச்சு. ஷீட்டுக்கு 'ஃபைனல்', 'ஃபைனல் 2', 'நிஜமா ஃபைனல்' என்றெல்லாம் பெயர் வைத்தேன்.

ஒரு சனிக்கிழமை நானும் கிளாஸ்மேட் ஒருத்தனும் ரிச்சி ஸ்ட்ரீட் கிளம்பினோம். அனகாபுத்தூரிலிருந்து ஷேர் ஆட்டோவில் பல்லாவரம், அங்கிருந்து எலக்ட்ரிக் ட்ரெயினில் எழும்பூர், அப்புறம் புதுப்பேட்டை வழியா நடை. வண்டி உதிரிபாகக் கடைகளைத் தாண்டி, கூவம் பாலத்தைத் தாண்டினால் கொஞ்ச தூரத்தில் மவுண்ட் ரோடு பக்கம் வந்துவிடும். போகாதவர்களுக்கு: ரிச்சி ஸ்ட்ரீட் என்பது ஒரு தெரு இல்லை. நரசிங்கபுரம் தெரு, மீரான் சாகிப் தெரு எல்லாம் சேர்ந்த ஒரு கூட்டம். மொபைல் டிஸ்ப்ளே, ஸ்பீக்கர், சிசிடிவி, சால்டரிங் அயர்ன், நமக்கு மூணாவது செமஸ்டர் லேபுக்குத் தேவைப்பட்ட பிரெட்போர்டு, எல்லாம் அங்கேதான்.

முதல் கடையிலேயே ஒரு அண்ணன் பிடித்துக்கொண்டார். "தம்பி, ஐ7 கேமிங் பிசி, 16 ஜிபி ரேம், 4 ஜிபி கார்டு, 18,000தான். ஆர்ஜிபி லைட்டு கேபினெட்." பாதி விலை! மானிட்டர் வாங்கினாலும் அம்மாவுக்கு 14,000 திருப்பிக் கொடுக்கலாம். ஃப்ரெண்ட் காதோரம், "மச்சி, எந்த ஜெனரேஷன்னு கேளு" என்றான். மூணாவது ஜெனரேஷன். ஐ7-3770, இன்டெல் 2012-ல் விட்டது. நான் எட்டு வயசுப் பையனா இருந்தபோது வந்த ப்ராசசர். ஐ7 என்ற பெயருக்கு மட்டும் வயசே ஆகாது, அதுதான் பிரச்சினை. ரெண்டாயிரத்துப் பன்னிரண்டு ஐ7-ஐ விட இன்றைக்கு வருகிற நாலு கோர் ஐ3 வேகம் அதிகம். அதோடு, விண்டோஸ் 11-ல் வாலரன்ட் ஆட டிபிஎம் 2.0 வேண்டும், செக்யூர் பூட் வேண்டும். அந்தக் காலத்து போர்டுகளில் டிபிஎம் 2.0 கிடையாது. ஆக அந்தப் பெட்டியில் லைட் எரியும், நான் ஆட நினைத்த கேம் ஓடாது. அந்த அண்ணனைக் குறை சொல்ல மாட்டேன். ஆபீஸில் டாலி போட, படம் பார்க்க அது நல்ல மெஷின்தான். 'கேமிங்' என்ற ஸ்டிக்கர் மட்டும்தான் பொய்.

அடுத்த ஆசை, பழைய கார்டு. 2022 செப்டம்பர் 15-ஆம் தேதி எத்தீரியம் மைனிங்கே தேவையில்லாத முறைக்கு மாறியது. அதுவரை ராத்திரி பகலா காசு அடித்துக்கொண்டிருந்த கிராஃபிக்ஸ் கார்டுகளுக்கெல்லாம் ஒரே நாளில் வேலை போனது. அதெல்லாம் செகண்ட் ஹேண்ட் சந்தையில் கொட்டியது. மைனிங்கில் ஓடின கார்டெல்லாம் கெட்டுப்போனது என்று சொல்ல முடியாது. ஆனால் ஃபேன் தேய்ந்திருக்கும், தெர்மல் பேஸ்ட் காய்ந்திருக்கும், மெமரி சிப் எவ்வளவு சூட்டில் வெந்தது என்று வெளியே பார்த்துச் சொல்லவே முடியாது. எங்கள் சீனியர் ஒருத்தர் பில் இல்லாமல் ஒரு 1660 சூப்பர் வாங்கினார். ரெண்டே மாசம். ஸ்க்ரீன் முழுக்கக் கலர் கலரா கட்டம். இன்னொரு பொறி, ஆர்எக்ஸ் 580 '2048எஸ்பி'. பெயர்தான் 580, உள்ளே இருப்பது 570. பெட்டி மேல் அந்த நாலு எண்ணைப் பொடி எழுத்தில்தான் தேட வேண்டும்.

சாயங்காலம் ஒண்ணும் வாங்காமல் வீட்டுக்கு வந்தேன். ரிச்சி ஸ்ட்ரீட்டிலிருந்து வெறுங்கையோடு வருவது பெரிய சாதனை என்பது போனவர்களுக்குத் தெரியும்.

அன்றைக்கு ராத்திரி அப்பா பக்கத்தில் வந்து உட்கார்ந்து ஷீட்டைப் பார்த்தார். இங்கே எங்கள் வீட்டைப் பற்றிக் கொஞ்சம் சொல்ல வேண்டும். முன்னறையில் ஒரு காலத்தில் குழித்தறி இருந்தது. அனகாபுத்தூரில் நிறைய வீட்டில் இருந்தது. தாத்தா நெய்த கட்டம் போட்ட மெட்ராஸ் துணி கப்பலேறி நைஜீரியா போனது. அந்த ஏற்றுமதி படுத்ததும் ஊரில் தறிச் சத்தம் ஒவ்வொரு தெருவாக நின்றது. வாழைநார் சேர்த்துப் புடவை நெய்கிறவர்கள் இன்னும் சிலர் இருக்கிறார்கள். அப்பா கொஞ்ச வருஷம் நெய்துவிட்டு ஏர்போர்ட் கார்கோவில் கான்ட்ராக்ட் வேலைக்குப் போய்விட்டார். குழியை மூடி டைல்ஸ் போட்டாச்சு. நான் பிசி வைக்க நினைத்த மூலையும் அதுதான்.

அப்பாவுக்கு ஷீட்டில் இருந்த ஒரு பெயரும் தெரியாது. "இதுல எதை அப்புறமா மாத்தலாம், எதை மாத்த முடியாது?" என்று கேட்டார்.

"எல்லாத்தையும் மாத்தலாம்பா" என்றேன்.

"அப்படி ஒரு பொருள் கிடையாதுடா. பாவு ஒருதடவை தறியில ஏத்திட்டா, அது முடியற வரைக்கும் அதோடதான் மாரடிக்கணும். நூல் மட்டமா இருந்தா அறுந்துட்டே இருக்கும், முடி போட்டுட்டே இருக்கணும். ஊடை அப்படியில்ல. நாடாவுல தார் மாத்தினா வேற நிறம். இதுல எது பாவு?"

நான் கொஞ்ச நேரம் பேசவில்லை. நான் போட்டது எல்லாமே தலைகீழ். ஊடைக்கு 20,000 ஒதுக்கிவிட்டுப் பாவில் மிச்சம் பிடித்துக்கொண்டிருந்தேன். மதர்போர்டு பாவு. அதைக் கழட்டினால் எல்லாவற்றையும் கழட்டணும். எஸ்எம்பிஎஸ் பாவு. அது செத்தால் தனியா சாகாது, பக்கத்தில் இருப்பதையும் கூட்டிக்கொண்டு போகும். ரேம், எஸ்எஸ்டி, கிராஃபிக்ஸ் கார்டு மூணும் ஊடை. ப்ராசசர் ரெண்டுங்கெட்டான்.

அப்புறம் அப்பா கேட்டார். "இந்தக் கார்டு ப்ராஜெக்ட்டுக்கு எதுக்கு?"

பதிலைத் தயாரா வைத்திருந்தேன். மெஷின் லேர்னிங், சிமுலேஷன், என்னென்னவோ. ஆனால் ஏனோ வாய் வரவில்லை. "கேம் ஆடவும்தான்பா" என்றேன்.

அவர் சிரிக்கவும் இல்லை, திட்டவும் இல்லை. "அதை முதல்லயே உங்கம்மாகிட்ட சொல்லியிருக்கலாம்ல? மாசாமாசம் கட்டினது அவ" என்று எழுந்து போய்விட்டார். அந்த ராத்திரி எக்செல் திறக்கவில்லை. காலையில் தோசை சுட்டுக்கொண்டிருந்த அம்மாவிடம் போய்ச் சொன்னேன். "தெரியும்டா" என்றார், திரும்பிக்கூடப் பார்க்காமல். "அரியர் வெச்ச, தூக்கிக் காயலான் கடையில போட்டுடுவேன்."

அதுக்கப்புறம் ஷீட் ஒரே நாளில் முடிந்தது. கார்டு இப்போ இல்லை. ப்ராசசர் ரைசன் 5 5600ஜி, 11,500. ஆறு கோர், உள்ளேயே வேகா கிராஃபிக்ஸ், பெட்டியிலேயே கூலர் வரும். கார்டு இல்லாமலேயே ஸ்க்ரீனில் படம் வரும் என்பதுதான் முக்கியம். பெயரில் ஜி இல்லாத 5600-க்கு அந்த வசதி கிடையாது. இதில் ஒரு நஷ்டமும் உண்டு, அதையும் சொல்லிவிடுகிறேன். 5600ஜி-யில் எல்3 கேஷ் 16 எம்பி, 5600-ல் 32. ஜி-யில் பிசிஐஇ 3.0-தான். நாளைக்கு ஆர்எக்ஸ் 6600 போட்டால் அது எட்டு லேன் கார்டு, பெரிசா அடி விழாது. ஆர்எக்ஸ் 6500 எக்ஸ்டி போட்டால் அது நாலே லேன், அதில் 3.0 என்றால் நல்லா அடி வாங்கும். விலை குறைவு என்று அதைப் பார்க்கிறவர்கள் கவனம்.

மதர்போர்டு பி550, 8,500. கடையில் பயாஸ் அப்டேட் பண்ணித் தரச் சொல்லிக் கேட்டு வாங்கினேன். 'ஏஎம்4 செத்துப்போன சாக்கெட், ஏஎம்5 போ' என்று யூட்யூபில் எல்லாரும் சொன்னார்கள். ஏஎம்5-க்கு டிடிஆர்5 ரேம் மட்டும்தான் போடலாம், போர்டும் விலை, 8600ஜி-யும் விலை. பாவு நீளம் கொஞ்சம் கம்மிதான். ஆனால் பின்னாடி ஒரு 5700 எக்ஸ்3டி வரைக்கும் இதே போர்டில் ஏறலாம், எனக்கு அது போதும்.

எஸ்எம்பிஎஸ் 4,200, 550 வாட், அஞ்சு வருஷம் வாரன்ட்டி. இதில்தான் நம்ம பசங்க அதிகம் ஏமாறுவது. கேபினெட்டோடு ஃப்ரீயா வருவதன் மேல் 450 வாட் என்று பெரிசா போட்டிருக்கும். அதை நம்பாதீங்க. பக்கவாட்டு லேபிளில் 12 வோல்ட் வரிசையில் எத்தனை ஆம்பியர் என்று பாருங்க, 12-ஆல பெருக்குங்க. ப்ராசசரும் கார்டும் பெரும்பாலும் அந்த 12 வோல்ட்டில்தான் சாப்பிடும். நான் கையில் எடுத்துப் பார்த்த ஒரு '450 வாட்'டில் 16 ஆம்பியர் போட்டிருந்தது. 192 வாட்! ஆர்எக்ஸ் 6600 மட்டுமே 132 வாட் கேட்கும். '80 ப்ளஸ்' ஸ்டிக்கரும் கரண்ட் எவ்வளவு வீணாகாது என்றுதான் சொல்லும், எவ்வளவு நாள் உழைக்கும் என்று சொல்லாது.

ரேம் எட்டு எட்டா ரெண்டு, 3,400. பதினாறு ஒண்ணா வாங்கக் கூடாது. உள் கிராஃபிக்ஸுக்குத் தனி மெமரி கிடையாது, ரேமிலிருந்துதான் எடுத்துக்கொள்ளும். ரெண்டு குச்சி போட்டால் பாதை ரெண்டு மடங்கு. (இந்த விலையை இன்றைக்குத் தேடாதீங்க. 2025 கடைசியில் ஏஐ டேட்டா சென்டர்கள் மெமரியை அள்ள ஆரம்பித்ததும் ரேம் எங்கேயோ போய்விட்டது.) 500 ஜிபி எஸ்எஸ்டி 3,200. மானிட்டர் 7,800. கூட்டினால் 38,600. கேபினெட்டுக்கு மிச்சம் 1,400.

கேபினெட் என்பது தகர டப்பா. அதில் கஞ்சத்தனம் பண்ணலாம். பல்லாவரம் வெள்ளிக்கிழமைச் சந்தைக்குப் போனேன். பழைய மிக்ஸி, புறாக் கூண்டு, ரோஜாச் செடி நடுவே, பழுப்பேறிப்போன ஒரு ஏடிஎக்ஸ் கேபினெட் 450 ரூபாய். சைடு கிளாஸ் கிடையாது, ஆர்ஜிபி கிடையாது. தூக்கிக்கொண்டு ஷேர் ஆட்டோ ஏறினால், "ரெண்டு பேர் டிக்கெட் ஆகும்பா" என்றார் டிரைவர்.

ஞாயிற்றுக்கிழமை முன்னறையில் பாய் விரித்து அசெம்பிள் பண்ணினோம். நாலு மணி நேரம். பவர் பட்டனை அமுக்கினேன், ஒண்ணும் இல்லை. ஃபேன்கூட அசையவில்லை. 38,000 ரூபாய்ப் பொருளைச் சுற்றி அஞ்சு பேர் நிற்கிறோம், யாரும் மூச்சுவிடவில்லை. அம்மா கையில் காபி. எஸ்எம்பிஎஸ் பின்னாடி ஸ்விட்ச் போட்டிருக்கிறது, கேபிள் சரி. ஃப்ரெண்ட்தான் மதர்போர்டில் பவர் பட்டன் ஒயர் வருகிற ரெண்டு பின்னையும் ஸ்க்ரூ டிரைவர் முனையால் தொட்டான். ஃபேன் சுற்றியது. போர்டு நல்லாத்தான் இருக்கிறது, சந்தைக் கேபினெட்டின் ஸ்விட்ச்தான் செத்தது. ரீசெட் பட்டன் ஒயரைப் பிடுங்கி அந்தப் பின்னில் மாட்டினோம். இன்றைக்கு வரைக்கும் என் பிசியை ரீசெட் அமுக்கித்தான் ஆன் பண்ணுகிறேன்.

வாலரன்ட் 1080பி லோ-வில் 100 எஃப்பிஎஸ் தாண்டியது. ஜிடிஏ 5 நார்மலில் நல்லாவே ஓடியது. சைபர்பங்க் திறந்தேன், ஸ்லைடு ஷோ. மூடிவிட்டேன். ஒரு வாரம் கழித்துத்தான் கவனித்தேன், 3200 ரேம் 2666-ல் ஓடிக்கொண்டிருந்தது. பயாஸில் எக்ஸ்எம்பி ஆன் பண்ணவே இல்லை. பண்ணினதும் கொஞ்சம் எஃப்பிஎஸ் சும்மா கிடைத்தது. அரியர் இதுவரைக்கும் இல்லை.

கார்டுக்கான காசு? இன்டர்ன்ஷிப் ஸ்டைபண்ட் வந்தது. அதில் பாதி தங்கச்சி ஸ்கூல் ஃபீஸுக்குப் போனது, நானேதான் கொடுத்தேன். மிச்சம் பேங்கில் இருக்கிறது. போன மாசம் தூசி தட்டக் கேபினெட்டைத் திறந்தபோது அப்பா எட்டிப் பார்த்தார். "இந்த நீளப் பள்ளம் எதுக்கு, காலியா இருக்கு?"

"அதுலதான்பா கார்டு."

"இன்னும் எவ்ளோ சேரணும்?"

"ஒரு ஏழாயிரம்."

ம் என்று தலையாட்டிவிட்டு டார்ச்சை என் கையில் கொடுத்துவிட்டுப் போனார்.

படிக்கிற யாராவது ஆர்எக்ஸ் 6600 விற்கிறதா இருந்தால் சொல்லுங்க. பில் இருந்தால் மட்டும். ஹாஸ்டல் குரூப்பில் இதே மாதிரி கேட்டபோது ஒரு ஜூனியர் 580 ஒண்ணு எடுத்துக்கொண்டு வந்தான். திருப்பிப் பார்த்தேன். 2048எஸ்பி.