சாதுக் குதிரை தேடி

குதிரை வாங்கப் போகிறோம் என்று சொன்னதும் எல்லாரும் கேட்பது ஒரே கேள்விதான்: "என்ன ஜாதி?" ஈப்போவில் இருக்கும் என் அண்ணனும் அங்கிருந்துதான் ஆரம்பித்தார். அவருக்குக் கொஞ்சம் நிலம் இருக்கிறது. ஒரு மூலையில் கொட்டகையும் போட்டாயிற்று. 11 வயது மகள் மூன்று வருடமாகக் குதிரையேற்றம் கற்கிறாள். போன வருடம் பயிற்சியில் விழுந்து மணிக்கட்டு முறிந்தது. கட்டுப் பிரித்ததும் மறுபடி ஏறினாள். ஆனால், குதிரை தலையைச் சற்றுத் தூக்கினாலே கடிவாள வாரைப் பிடித்த கை இறுகிவிடுகிறது. இன்னொரு முறை பயந்தால் பிள்ளை இதை அடியோடு விட்டுவிடுவாள் என்பது அண்ணியின் கவலை.

அண்ணனுக்கோ ஞாயிற்றுக்கிழமைகளில் தானும் ஏறிப் பார்க்க ஆசை. அவர் எடை 96 கிலோ. மகளுக்குச் சாது, அப்பாவுக்குத் திடம். இரண்டும் ஒரே குதிரையில் வேண்டும். பல்கலைக்கழக நாளிலிருந்து சவாரி போகிறவள் குடும்பத்தில் நான் ஒருத்திதான் என்பதால், தேடும் பொறுப்பு அத்தையின் தலையில் விழுந்தது.

புத்தகத்தில் பார்த்தால் சாதுவான இனங்களுக்குப் பஞ்சமே இல்லை. நார்வேயின் ஃபியோர்ட், பிடரி மயிரின் நடுவில் கறுப்புக் கோடு ஓடும், கட்டுமஸ்தான குதிரை. திரோல் மலைப் பகுதியின் ஹாஃப்லிங்கருக்கு வெண்பொன் பிடரி. படத்தைப் பார்த்த அன்றே அண்ணன் மகள் அதற்கு விழுந்துவிட்டாள். ஆனால் இரண்டும் குளிர்தேசத்துப் பிறவிகள். பருத்த உடம்பும் அடர்ந்த ரோமமும் அங்கே வரம். ஈப்போ மதியத்தில் அதே உடம்பு சூட்டை வெளியேற்றத் திணறும். விமானத்தில் ஏற்றி வரும் செலவைச் சொன்னதும் அண்ணி பேச்சை மாற்றிவிட்டார்.

நம் நாட்டுக்கென்றே இருப்பது சபா, கோத்தா பெலுட் பஜாவ் மக்களின் மட்டக்குதிரை. வெயிலுக்குப் பழகியது, உறுதியானது, ஆனால் சின்னது. இங்கேதான் ஒரு கணக்கு வருகிறது. ஏறுபவர், சேணம் இரண்டின் எடையும் சேர்ந்து குதிரையின் எடையில் ஐந்தில் ஒரு பங்கைத் தாண்டக்கூடாது என்பது சவாரிக்காரர்கள் பரவலாகக் கடைப்பிடிக்கும் அளவு. 300 கிலோ குதிரைக்கு 60 கிலோதான். மகளுக்குப் போதும், அண்ணனை ஏற்றுவது பாவம். உயரமாக இருந்தால் பலம் என்றும் நினைக்க வேண்டாம். முதுகு குட்டையா, இடுப்பு அகலமா, முழங்காலுக்குக் கீழே எலும்பு தடித்திருக்கிறதா என்று பார்க்க வேண்டும்.

இங்கே தேடினால் அதிகம் கண்ணில் படுவது தரோபிரெட், அதாவது பந்தயக் குதிரை. சிங்கப்பூர் கிராஞ்சியில் 2024 அக்டோபர் 5ஆம் தேதி கடைசிப் பந்தயம் முடிந்தது நினைவிருக்கும். ஈப்போவிலும் கோலாலம்பூரிலும் பந்தயம் உண்டு. ஓட்டத்தில் பின்தங்கிய குதிரைகள் மலிவாக விற்பனைக்கு வரும். அப்படி ஒன்றைப் பார்த்தோம். 5 வயது, பட்டுப் போன்ற உடம்பு. அண்ணன் கிறங்கிவிட்டார். எனக்கு மனம் ஒப்பவில்லை. வாயில் இரும்பு இறுகினால் அதன்மேல் சாய்ந்து வேகம் எடுக்கப் பந்தயக் குதிரை பழகியிருக்கும். நம் பிள்ளை பயந்தால் செய்வதே வாரை இறுக்குவதுதான். நிறுத்து என்று இவள் பிடிப்பாள், ஓடு என்று அது புரிந்துகொள்ளும். பொறுமையாக வேறு பாடம் பழக்கினால் அருமையான சவாரிக் குதிரையாகும். ஆனால் பழக்குகிறவர் பயந்த பிள்ளையாக இருக்கக்கூடாது.

தோட்டத்து முனீஸ்வரர் கோவில் வாசலில் பல்லைக் காட்டி, முன்காலைத் தூக்கி நிற்கும் சுதைக் குதிரையைப் பார்த்து வளர்ந்தவர்கள் நாம். நமக்குக் குதிரை என்றால் அதுதான். பெரியப்பா தொலைபேசியில், "சுழி சுத்தமா இருக்கா, பார்த்தீங்களா?" என்று வேறு கேட்டார். அந்தக் கவலை எனக்கு இல்லை. என் கவலை அடுத்துப் பார்த்த சாம்பல் குதிரையைப் பற்றியது.

அது அசையவே இல்லை. மோட்டார் சைக்கிள் பக்கத்தில் உறுமியது, துத்தநாகக் கூரையில் மழை கொட்டியது, காதுகூட ஆடவில்லை. "குழந்தை மாதிரி!" என்றார் விற்பவர். குழந்தை அப்படி இருந்தால் டாக்டரிடம் ஓடமாட்டோமா? நோய், வலி, மயக்க மருந்து, அடித்து அடித்து விட்டுப்போன மனம் எல்லாமே வெளியில் சாதுவாகத்தான் தெரியும். உண்மையில் அமைதியான குதிரையும் திடுக்கிடும். நின்ற இடத்திலேயே திடுக்கிட்டு, சத்தம் வந்த பக்கம் காதைத் திருப்பி, பிறகு ஒரு காதை நம் பக்கம் கொண்டுவந்து பெருமூச்சு விடும். அந்த ஒரு காதுக்காகத்தான் நான் அலைந்தேன்.

அதனால் சொன்ன நேரத்துக்கு முன்பே போய்விடுவேன். முன்கூட்டியே ஓடவிட்டுக் களைக்க வைத்த குதிரை எல்லாருக்கும் சாதுதான். லாயத்திலிருந்து பிடித்துவருவதிலிருந்து பார்ப்பேன். முதலில் விற்பவரையே ஏறச் சொல்வேன். மற்ற குதிரைகளை விட்டுத் தனியாகச் சாலைப் பக்கம் நடக்கிறதா என்பது முக்கியம். இறங்கியதும் சேணத்தை அவிழ்த்து முதுகைத் தொட்டுப் பார்ப்பேன். நம் ஊர்ப் புழுக்கத்தில் சில குதிரைகளுக்கு வியர்ப்பதே நின்றுவிடும். சவாரிக்குப் பிறகும் காய்ந்த முதுகு என்றால் உள்ளே சூடு ஏறிக்கொண்டே போகிறது என்று பொருள். எந்த இனமானாலும் அப்படி ஒன்று இங்கே வேண்டாம்.

கடைசியில் காஜாங் பக்கம் ஒரு செந்நிறக் குதிரை. 14 வயது, காயடித்த ஆண். பல வருடம் பிள்ளைகளுக்குப் பயிற்சி கொடுத்தது. அப்பா அமெரிக்கக் குவார்ட்டர் ஹார்ஸ், அம்மா பந்தயக் குதிரை என்று சொல்கிறார்கள். மாடு மேய்க்க வளர்த்த இனம் அது. அகன்ற உடம்பு அதிலிருந்து வந்திருக்கலாம், பத்திரம் எதுவும் இல்லை. பின்னால் லாரி ஹாரன் அடித்தது. நின்ற இடத்தில் ஒரு குலுக்கல். பிறகு ஒரு காது என் பக்கம். அண்ணன் மகளை ஏற்றினோம். இரண்டு சுற்று வரை விரல்கள் வெளுத்திருந்தன. மூன்றாவது சுற்றில் ஒரு கையை எடுத்து அதன் கழுத்தைத் தடவினாள். அண்ணி முகத்தைத் திருப்பிக்கொண்டார்.

வயதானதை வாங்குவதா என்று அண்ணன் தயங்கினார். குதிரை 25 வருடத்துக்கு மேலும் வாழும். இவள் பல்கலைக்கழகம் போகும்போதும் இது கொட்டகையில் தின்றுகொண்டிருக்கும். ஒரு நாளைக்கு 8 முதல் 10 கிலோ காய்ந்த புல், ஆறு வாரத்துக்கு ஒருமுறை குளம்பு திருத்தம். அந்தக் கணக்கைத்தான் அவர் போட்டுப் பார்க்க வேண்டும்.

வரும் சனிக்கிழமை கால்நடை மருத்துவர் வருகிறார். மூட்டு, பல், குளம்பு, இதயம் எல்லாம் பார்ப்பார். மயக்க மருந்து கொடுத்திருக்கிறார்களா என்று அறிய இரத்தமும் எடுக்கச் சொல்லியிருக்கிறேன். நாடா வைத்து அளந்ததில் குதிரை 510 கிலோ. ஐந்தில் ஒரு பங்கு 102. சேணத்துக்கு 9 போனால் மிச்சம் 93. அண்ணன் இப்போது தினமும் காலையில் ஈப்போ போலோ மைதானத்தில் நடக்கிறார்.