பழங்காநத்தம் ஸ்டாப்புல இறங்குங்க!

ப்ளஸ் டூல பயாலஜி குரூப். நீட் கைகொடுக்கலை. "பக்கத்துல ஏதாவது ஒரு காலேஜ்ல பி.எஸ்சி. சேர்ந்துடு"ன்னு வீட்ல சொல்லியாச்சு. நீங்க இந்த ரகமா? அப்ளிகேஷன் போடறதுக்கு முன்னாடி ஒருநாள் பழங்காநத்தம் வாங்க.

பெரியார்ல திருப்பரங்குன்றம் பஸ் ஏறுங்க. டி.பி.கே. ரோட்டுல முதல்ல வர்றது, 1889-ல் ஆரம்பிச்ச மதுரைக் கல்லூரி. அதைத் தாண்டினா பழங்காநத்தம். இங்கிருந்து பெருசும் சிறுசுமா பல காலேஜ்களுக்கு ஒரே நாள்ல ஒரு ரவுண்டு அடிக்கலாம். மதுரை காமராஜர் பல்கலைக்கழகத்தோட இணைப்புக் கல்லூரிகள்ல, தன்னாட்சி வாங்காத வரைக்கும் பாடத்திட்டம் ஒண்ணுதான். அப்புறம் எதை வெச்சு எடை போடறது?

லேபை வெச்சுத்தான்!

வேலை நாள்ல, பிராக்டிகல் நேரமா பார்த்துப் போங்க. நான் பார்த்த ஒரு சின்னக் காலேஜ்ல மைக்ராஸ்கோப்புங்க பளபளன்னு பீரோவுக்குள்ள பூட்டிக் கிடந்துச்சு. இன்ஸ்பெக்‌ஷனுக்கு மட்டும்தான் வெளியே வருமாம்! இன்னொண்ணுல கட்டடம் பழசு, ஃபேன் 'கிறீச்'சுங்குது. ஆனா ரெண்டு பேருக்கு ஒரு மைக்ராஸ்கோப். ஒரு பொண்ணு வெங்காய வேர்நுனியை நசுக்கி ஸ்லைடு போட்டு, செல் பிரியற இடத்தைத் தானே தேடிக்கிட்டு இருந்தா. என் ஓட்டு இந்த ரெண்டாவது காலேஜுக்குத்தான்.

"தவளை அறுக்கணுமா?"ன்னு பயப்படாதீங்க. கல்லூரிகள்ல விலங்குகளை அறுக்கிற பயிற்சிக்கு 2014-லேயே யு.ஜி.சி. தடை போட்டாச்சு. அதுக்குப் பதிலா வெளியே கூட்டிட்டுப் போறாங்களான்னு கேளுங்க. பழங்காநத்தத்துக்குப் பக்கத்துலயே மாடக்குளம் கண்மாய் இருக்கு. தண்ணி இருக்கிற மாசத்துல கொக்கு, நாரை, நீர்க்காகம் எல்லாம் காசில்லாத பாடம்! மேலூர் பக்கம் அரிட்டாபட்டி, 2022 நவம்பர்ல தமிழ்நாட்டோட முதல் பல்லுயிர்ப் பாரம்பரியத் தலமா அறிவிக்கப்பட்ட ஊர். லகுடு வல்லூறு, தேவாங்கு, எறும்புத்தின்னி எல்லாம் இருக்கிற இடம். இவ்வளவு பக்கத்துல இருந்தும் ஒரு தடவைகூட கூட்டிட்டுப் போகலைன்னா, அந்தத் துறையைக் கொஞ்சம் யோசிங்க.

அடுத்து ஆபீஸ். "இந்த கோர்ஸ் எய்டடா, செல்ஃப் ஃபைனான்ஸா?" இதைக் கேட்கக் கூச்சமே வேண்டாம். ஒரே காலேஜ், ஒரே கேட், ஆனா ஃபீஸ் வேற வேற!

டீச்சர் வேலை கனவா? அப்ப பட்டத்தோட பேரைக் கவனிங்க. பயோடெக்னாலஜி, மைக்ரோபயாலஜி மாதிரி புதுப் பேர் பட்டங்கள், விலங்கியலுக்கோ தாவரவியலுக்கோ இணையான்னு அரசு வேலைக்குப் போறப்ப கேள்வி வரும். அரசாணையைப் பார்த்துட்டுச் சேருங்க. மூணு வருஷம் படிச்ச பிறகு தெரிஞ்சு பிரயோஜனம் இல்லை.

கடைசியா, கேட்டுக்கு எதிர்ல டீக்கடை. அங்கே ஒரு ஃபைனல் இயர் அண்ணனையோ அக்காவையோ பிடிங்க. "போன பேட்ச் எங்கே போனாங்க?" எம்.எஸ்சி.க்கான 'ஜாம்' நுழைவுத்தேர்வு, அறிவியல் அகாடமிகளோட கோடைகால ஆராய்ச்சித் திட்டம்னு அவங்க வாயில வந்தா, அந்த டிபார்ட்மென்ட்ல வழிகாட்ட யாரோ இருக்காங்கன்னு அர்த்தம். "அதெல்லாம் என்ன?"ன்னு திருப்பிக் கேட்டா, டீயைக் குடிச்சுட்டு அடுத்த பஸ் ஏறுங்க.

சின்னக் காலேஜ்ல சேர்றது தோல்வி இல்லை மக்களே. பார்க்காம சேர்றதுதான் தப்பு!